பதில் போடாத வாடிக்கையாளருக்கு மறுபடி மெயில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசாரித்தவருக்கு விவரமெல்லாம் அனுப்பியாயிற்று. பதில் இல்லை. சில நாள் பொறுத்துவிட்டு, "போன வாரம் அனுப்பிய மெயிலைப் பார்த்தீர்களா? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்" என்று ஒன்றைத் தட்டிவிடுகிறோம். பெரும்பாலான ஃபாலோ-அப் மெயில்கள் இந்த இரண்டு வரியைத்தான் விதவிதமாகச் சொல்கின்றன. அதில் அனுப்புகிறவரின் அவசரம் தெரிகிறது. படிக்கிறவருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. முதல் மெயிலுக்கு அவர் எதனால் பதில் போடவில்லையோ, அந்தக் காரணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நினைவூட்டினால் மட்டும் அது எப்படிப் போகும்?

ஒவ்வொரு மெயிலும் முந்தையதில் இல்லாத ஏதாவது ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கணக்கு மென்பொருள் விற்பவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பழைய பில்களை இதற்கு மாற்ற முடியுமா என்று டெமோவின்போது கேட்டீர்கள். எக்செல் கோப்பாக இருந்தால் அப்படியே ஏற்றலாம். மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள், ஏற்றிக் காட்டுகிறேன்." அவர் கேட்ட கேள்வி, அதற்கு விடை, அடுத்து அவர் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை: மூன்றும் சில வரிகளுக்குள் வந்துவிட்டன. இப்படி எழுத வேண்டுமென்றால் முதல் பேச்சின்போதே அவர் என்ன கேட்டார், எங்கே தயங்கினார் என்று குறித்து வைத்திருக்க வேண்டும். குறிப்பு இல்லாதவர்கள்தான் டெம்ப்ளேட்டிடம் போய் நிற்கிறார்கள். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லையா? அன்றைக்கு எழுதாமல் இருப்பதே மேல்.

ஒரே மெயிலில் டெமோவுக்கு நேரம் கேட்டு, கையேட்டுக்கு இணைப்பு கொடுத்து, சலுகையையும் சொல்லி, "வேறு யாரிடம் பேச வேண்டும்?" என்றும் கேட்பவர்கள் உண்டு. படிப்பவர் எதற்கென்று பதில் சொல்வார்? "பிறகு பார்க்கலாம்" என்று மூடிவிடுவார். ஒரு மெயிலுக்கு ஒரு கேள்வி போதும். அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "இப்போதைக்கு வேண்டாம்" என்பதும் சங்கடமில்லாமல் சொல்லக்கூடிய பதிலாக இருக்க வேண்டும். அந்தப் பதில் வந்தால் உங்களுக்கும் லாபம்தான், வீண் மெயில்கள் மிச்சம்.

தலைப்பில் செய்யும் தந்திரம் இன்னொன்று. இதுவரை பேசியே இராத ஒருவருக்கு, ஏற்கெனவே நடந்த உரையாடலின் தொடர்ச்சி போலத் தலைப்பின் முன்னால் "ரீ:" என்று சேர்த்து அனுப்புவது. திறந்து பார்ப்பார், உண்மைதான். திறந்த கணமே ஏமாற்றப்பட்டதும் புரிந்துவிடும். அமெரிக்காவில் 2003இல் இயற்றப்பட்ட கேன்-ஸ்பேம் சட்டம், வணிக மெயில்களில் தவறாக வழிநடத்தும் தலைப்பைத் தடை செய்கிறது. உண்மையிலேயே முன்பு எழுதியிருந்தால் அந்தப் பழைய மெயிலின் கீழேயே தொடருங்கள். எதைப் பற்றிய பேச்சு என்று அவர் தேட வேண்டியிருக்காது.

மெயில் திறக்கப்பட்டதா என்று காட்டும் கருவிகளை நம்பி முடிவெடுப்பதைத்தான் ஆபத்தானது என்பேன். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அது எப்போது இறங்குகிறது என்று பார்ப்பதே அவற்றின் வேலை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கியிருப்பவர் மெயிலைத் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன. ஆகவே "திறந்தார்" என்று திரையில் தெரிவதற்கு, அவர் படித்தார் என்று பொருள் இல்லை. நிஜமாகவே படித்திருந்தாலும், "நீங்கள் என் மெயிலைப் பலமுறை திறந்ததைக் கவனித்தேன்" என்று எழுதிவிடாதீர்கள். வேவு பார்ப்பவரிடம் யார் பொருள் வாங்குவார்கள்? பதில் வந்ததா, இணைப்பைத் தொட்டாரா என்பவை இதைவிட நம்பகமானவை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. இடைவெளி போகப் போகக் கூடட்டும். "அடுத்த மாதம் பேசலாம்" என்று அவரே சொல்லியிருந்தால் அதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. தானாக மெயில் அனுப்பும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: ஒருவர் பதில் போட்டதும் தொடர் நிற்கிறதா? காலையில் பணம் கட்டி வாங்கியவருக்கு மாலையில் "இன்னும் யோசிக்கிறீர்களா?" என்று போனால், விற்றவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்!

விலகும் வழியை மறைப்பதால் அடி விழுவது அனுப்புகிறவருக்குத்தான். அன்சப்ஸ்கிரைப் இணைப்பைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால், தேடிச் சலித்தவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். கூகுள் விதிப்படி 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மெயில் உண்மையிலேயே அந்த முகவரிக்காரரிடமிருந்துதான் வருகிறதா என்று பார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சோதனைகளையும் அமைத்திருக்க வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் கடுப்பானாலே எல்லை வந்துவிடுகிறது. அதன்பின் ஆர்வமாகக் காத்திருப்பவருக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழலாம். சிறிய அளவில் அனுப்புகிறவர்களும் இவற்றைச் செய்து வைப்பது நல்லது. விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். அன்றைக்கே நீக்குவதில் என்ன சிரமம்?

கடைசி மெயிலில் கோபத்தைக் காட்டுவது வீண் வேலை. "இத்தனை முறை எழுதியும் பதில் இல்லை" என்பது குற்றச்சாட்டு. அவர் உங்களுக்குக் கடன்பட்டவர் அல்ல. "இது பற்றி இனி எழுத மாட்டேன். தேவைப்படும்போது இதே மெயிலுக்குப் பதில் போட்டால் போதும்" என்று எழுதலாம். எழுதிய பிறகு, பண்டிகைச் சலுகைப் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும்.