கேஸ் கட்டுக்கு கணினியில் எண் போடுவது: ஸ்கேன் செய்வதிலிருந்து எதிர்த்தரப்புக்கு அனுப்புவது வரை

குறுக்கு விசாரணை நடுவில் சீனியர் கையை நீட்டி "அந்த 1987 கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி இருக்கிற பக்கம்" என்று, அதாவது சொத்தின் நான்கு எல்லைகளும் எழுதியிருக்கிற பக்கத்தை, கேட்பார். ஜூனியரின் லேப்டாப்பில் ஃபைனல், ஃபைனல் 2, ஸ்கேன்0043 என்று பிடிஎஃப்கள் வரிசையாக நிற்கும். இதற்கு ஒரே வழிதான்: வழக்கு கைக்கு வந்த வாரத்திலேயே எல்லாப் பக்கத்துக்கும் ஓர் எண் போட்டுவிடுங்கள், அப்புறம் எதற்காகவும் அதை மாற்றாதீர்கள். அமெரிக்க வக்கீல்கள் இதை பேட்ஸ் எண் என்பார்கள். 1890களில் எட்வின் பேட்ஸ் காப்புரிமை வாங்கிய, ஒவ்வோர் அழுத்தலுக்கும் தானாக அடுத்த எண்ணுக்கு நகரும் முத்திரைக் கருவியிலிருந்து வந்த பெயர். நம்மூர் ஆபீஸ்களில் நம்பரிங் மெஷின் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு பாகப்பிரிவினை வழக்கை வைத்துப் பார்ப்போம். கட்சிக்காரர் கட்டைப் பையில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, அண்ணன் தம்பி சண்டை போட்ட வாட்ஸ்அப் மெசேஜ் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறார். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பத்திரத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. சார்பதிவாளர் அலுவலக முத்திரையும் பதிவுக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான். பிறகு ஓசிஆர் (ஸ்கேன் படத்தில் இருப்பதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) ஓட்டுங்கள். டெஸராக்ட் போன்ற இலவச மென்பொருளுக்கே தமிழ் அச்சு ஓரளவு பிடிபடும், ஆனால் பழைய கையெழுத்துப் பத்திரத்தை அதனிடம் கொடுத்துவிட்டு நம்பி உட்காராதீர்கள்.

எண் போடுவதற்கு முன் இரண்டு ஃபோல்டர்கள் வேண்டும்: வந்தது வந்தபடி இருக்கும் மூலக் கோப்புகளுக்கு ஒன்று, எண் போட்ட நகல்களுக்கு ஒன்று. முதல் ஃபோல்டரைத் தொடவே கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குக் கொடுக்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், அதன் கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட வேண்டும். பிடிஎஃப்பின் ஓரத்தில் ஒரு சின்ன எண்ணைப் பதித்தாலே அந்தக் கோப்பின் ஹேஷ் மாறிப்போகும். அதனால் முதலில் மூலக் கோப்புக்கு ஷா256 ஹேஷ் எடுத்துக் குறித்துவைத்துவிட்டு (விண்டோஸ் பவர்ஷெல்லில் ஒரே வரிக் கட்டளை), நகலில் மட்டும் எண் போடுங்கள்.

எண்ணின் வடிவம் எளிமையாக இருக்கட்டும்: கட்சியைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, பின்னால் ஆறு இலக்கம், வாதிக்கு (ப்ளெயின்டிஃப்) பிஎல்-000147 என்பதுபோல. முன்னால் பூஜ்ஜியங்கள் இல்லாவிட்டால் பல கணினிகள் 1க்குப் பிறகு 10, 100 என்று அடுக்கிவிட்டு அப்புறம்தான் 2க்கு வரும். அடோப் அக்ரோபேட் ப்ரோவில் பேட்ஸ் நம்பரிங் வசதி இருக்கிறது (இலவச ரீடரில் கிடையாது): கோப்புகளை வரிசைப்படுத்தி, முன்னொட்டு, இலக்க எண்ணிக்கை, தொடக்க எண் கொடுத்தால் மொத்தக் கட்டுக்கும் தொடர்ச்சியாகப் போட்டுவிடும். நம் பத்திரங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து இருக்குமே, அதன்மேல் எண் ஏறிவிட்டால் வம்பு. எழுத்தின்மேல் படாதபடி பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கும் தேர்வு அதிலேயே இருக்கிறது, அதை டிக் செய்துகொள்ளுங்கள். அக்ரோபேட் வாங்க வசதியில்லை என்றால் கணினியிலேயே இயங்கும் வேறு மென்பொருள் பாருங்கள். கட்சிக்காரரின் பத்திரத்தை முகம் தெரியாத இலவச இணையதளத்தில் ஏற்றி எண் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மனுவோடு நீதிமன்றத்தில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பான டைப்ட் செட்டுக்கும் பக்க எண் போடுவோமே, இரண்டும் குழம்பாதா என்றால், குழம்பாது. டைப்ட் செட் எண் மேலே, இந்த எண் கீழே வலது மூலையில். மனு மாறினால், அப்பீல் போனால், டைப்ட் செட் எண் மாறும். கீழே இருப்பது மாறாது.

இடையில் கட்சிக்காரர் "இன்னொரு ரசீது கிடைத்தது சார்" என்று வருவார், வராமல் இருக்கமாட்டார். தேதிப்படி நடுவில் செருகி எல்லாவற்றையும் மறுபடி எண்ணிடத் தோன்றும். அது வேண்டாம், கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுங்கள், தேதி வரிசையை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும். (வணிக வழக்கு என்றால் அந்த ரசீதைத் தாமதமாகத் தாக்கல் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும், அது தனித் தலைவலி.) எக்ஸெல்லில் தொடக்க எண், முடிவு எண், ஆவணத் தேதி, விவரம், யார் கொடுத்தது, மூலமா நகலா, சான்றாவண எண் (நீதிமன்றம் ஆவணத்துக்குக் கொடுக்கும் எண்) என்று பத்திகள் போதும். விவரத்தில் சர்வே எண்ணையும் ஆட்களின் பெயரையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஓசிஆர் கோட்டைவிட்ட கையெழுத்துப் பத்திரத்தை அப்போதுதான் தேடிப் பிடிக்க முடியும்.

பகிர்வதற்கு முன் பிரித்தெடுக்க வேண்டியவை உண்டு. கட்சிக்காரர் உங்களுக்கு எழுதிய கடிதம், ஜூனியரின் குறிப்பு இவையெல்லாம் தனி முன்னொட்டில், தனி ஃபோல்டரில் இருக்கட்டும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடந்ததை அதே சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு காக்கிறது, ஆனால் தவறி அனுப்பியதை எதிர்த்தரப்பு படித்த பிறகு மறக்கவைக்க எந்தப் பிரிவும் கிடையாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைக்கக் கருப்புப் பெட்டி வரைந்தால் மட்டும் போதாது. 2019 ஜனவரியில், டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வக்கீல்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃப்பில் கருப்புப் பட்டைக்கு அடியில் எழுத்துகள் அப்படியே இருந்தன, காப்பி பேஸ்ட் செய்து ஊரே படித்தது. அடியிலுள்ள எழுத்தையே அழித்துவிடும் ரிடாக்ட் கருவியால் நீக்கிவிட்டு, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், எதுவும் வரக்கூடாது.

அனுப்புவது மின்னஞ்சலிலோ டிரைவிலோ இருக்கட்டும். டிரைவ் என்றால் லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற தேர்வை விட்டுவிட்டு, குறிப்பிட்ட முகவரிக்கு, பார்வைக்கு மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஃபோட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக. எந்தத் தேதியில் எந்த எண் முதல் எந்த எண் வரை யாருக்குப் போனது என்று எக்ஸெல்லில் இன்னொரு ஷீட்டில் எழுதுங்கள், மின்னஞ்சலிலும் அதே வரி இருக்கட்டும். "எங்களுக்கு வரவே இல்லை" என்ற பேச்சு எழுந்தால் காட்ட அது போதும். சாட்சியை விசாரித்து ஆவணங்கள் ஏ1, ஏ2 என்று மார்க் ஆன அன்று மாலையே சான்றாவண எண் பத்தியை நிரப்பிவிடுங்கள், மறுநாள் வேறு கோர்ட்டில் வேறு கட்டு காத்திருக்கும்.