வியர்வைப் பரிசோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக முன்

விடிய நாலு மணி. கொழும்புக்குப் போகிற வான் வாசலில் நிற்கிறது. அம்மம்மா பேரனைக் குளிப்பாட்டி, தோள் முதல் விரல் வரை தேங்காயெண்ணெய் தேய்த்து, மேலே பவுடரும் போட்டு, "இப்பதான் பிள்ளை பளிச்செண்டு இருக்கு" என்று மடியில் தந்தார். எங்கள் வீட்டுக் கதைதான் இது. அங்கே போனதும் தாதி கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சேர்ந்த வியர்வை போதவில்லை. திருகோணமலைக்குத் திரும்பி வந்து, இன்னொரு நாள் மறுபடி போனோம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் சமிபாட்டையும் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்) உள்ள பிள்ளையின் வியர்வையில் உப்பு கூடுதலாக இருக்கும். விடாத சளி, முட்டு, ஏறாத எடை, எண்ணெய் மிதக்கும் மலம், நெற்றியில் கொஞ்சும்போது உதட்டில் படுகிற உப்பு: இவற்றை வைத்து டொக்டர் சந்தேகப்பட்டால் இந்தச் சோதனைக்கு எழுதுவார். அளக்கப்போவது உப்பைத்தான் என்பதால் தோல் வெறுந்தோலாக இருக்க வேண்டும். முதல்நாளிலிருந்தே, அதாவது 24 மணித்தியாலத்துக்கு, எண்ணெய், கிரீம், பவுடர், சித்தாலேப எதுவும் கையில் படக்கூடாது. காப்பு, வளையல் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

நாங்கள் செய்த இரண்டாவது பிழை, பட்டினி போட்டது. இரத்தப் பரிசோதனைக்கு வெறுவயிற்றோடு போன பழக்கம்! இதற்கு அது தேவையே இல்லை. பாலும் தண்ணீரும் வழக்கத்தை விடத் தாராளமாகக் கொடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பஸ்ஸில் ஹபரணை தாண்டுவதற்குள்ளேயே பிள்ளைக்கு நாக்கு வறண்டுவிடும். வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் போகாதீர்கள். அழைத்துச் சொல்லி வேறு திகதி கேளுங்கள். வழக்கமான மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

"எங்கட வெக்கைக்குப் பிள்ளை வேர்த்துக் கொட்டும்தானே" என்பார்கள். வெயிலில் ஓடவிட்டு வரும் வியர்வை இதற்கு உதவாது. பைலோகார்பின் என்ற மருந்தைக் கையின் ஒரு சிறு இடத்தில் வைத்து, 5 நிமிடம் மிக மெல்லிய கறண்ட் விடுவார்கள். பிறகு அதே இடத்தில் ஊறும் வியர்வையை அரை மணித்தியாலம் சேர்ப்பார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் ஏசி அறையில் பிள்ளை குளிர்ந்துபோனால் வியர்வை குறையும். ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், திருகோணமலைக்காரருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தாலும். பொழுதுபோகட்டும் என்று உப்புக் கச்சான் பொட்டலத்தைக் கையில் கொடுக்காதீர்கள் (காற்றும் கச்சான், கொட்டையும் கச்சான், நமக்கு இரண்டாலும் தொல்லை). உப்பு விரல் சேர்க்கும் இடத்தில் பட்டால் கணக்கு பிழைக்கும். படப் புத்தகம் போதும்.

பயங்காட்டுவதும் பிழை. "குழப்படி செய்தா ஊசி போடுவினம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தால் அங்கே பிள்ளை கையை நீட்டாது. இதில் ஊசியே இல்லை. அதற்காக "ஒண்டும் செய்யமாட்டினம்" என்று பொய் சொல்லவும் வேண்டாம். "கையில எறும்பு ஊருற மாதிரி இருக்கும், பிறகு கையைக் கட்டி வைப்பினம், நான் பக்கத்திலயே இருப்பன்" என்றால் நாலு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த இடம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும். அதற்கும் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசத் தேவையில்லை.

முடிவுத் துண்டில், உப்பின் ஒரு பகுதியான குளோரைட்டின் அளவு மில்லிமோலில் இருக்கும். லீற்றருக்கு 30க்குக் கீழ் என்றால் நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. 60ம் அதற்கு மேலும் என்றால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டால் திரும்பச் செய்வார்கள், மரபணுப் பரிசோதனையும் கேட்கலாம். வியர்வை போதவில்லை என்று எழுதியிருந்தால் அது "நோய் இல்லை" என்பதல்ல, சோதனையே நடக்கவில்லை என்பதுதான். அடுத்த திகதியைக் கையோடு எழுதி வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.