ஆளோ, சாதனமோ: பிக்கப் வாங்கும் முன் கேபினை முடிவு செய்வது

கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினால், தார்ப்பாய் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கே நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆளோ, சாதனமோ?" என்பதுதான். உள்ளே இருப்பது ஆளா, சாமானா என்று மலையாளத்தில் கேட்கிறார். பிக்கப் வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குள் கால் வைக்கும் முன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான். இன்ஜின், மைலேஜ், கலர் எல்லாம் அப்புறம்.

எனக்கு ஊர் கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டி. இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க யாராவது ஒருவர் தோட்டத்தில் வெட்டு இருந்துகொண்டே இருக்கும், அதனால் என் பழம் இல்லாத நாளில் மற்றவர்கள் பழத்தையும், தேங்காயையும், வாழைத்தாரையும் குமுளி, கட்டப்பனை பக்கம் வாடகைக்கு ஏற்றுகிறேன். இதுவரை மூன்று பிக்கப் வைத்திருந்திருக்கிறேன். முதலாவது ஒரே வரிசை இருக்கை உள்ள சிங்கிள் கேபின், இரண்டாவது இரண்டு வரிசை உள்ள டபுள் கேபின், இப்போது ஓட்டுவது மறுபடியும் சிங்கிள் கேபின், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி நீளமானது. நடுவில் வாங்கிய டபுள் கேபினை மூன்றே வருஷத்தில் விற்றேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் வேலைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இந்த மாதம் என் அக்கா மகன் பிக்கப் எடுக்கப் போகிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. இணையத்தில் பார்க்கும் பிக்கப் வீடியோக்களில் பாதி அமெரிக்க வண்டிகள். அங்கே ஃபோர்டு எஃப்-150 என்ற ஒரே வண்டி மூன்று கேபினில் வருகிறது: ஒரே வரிசை இருக்கை உள்ள ரெகுலர், பின்னால் குறுகலான இருக்கை உள்ள சூப்பர்கேப், முழுசாக நாலு கதவுள்ள சூப்பர்க்ரூ. அங்கேயும் கணக்கு ஒன்றுதான், கேபின் நீண்டால் தொட்டி குறையும். எட்டடித் தொட்டி வேண்டும் என்றால் சூப்பர்க்ரூவில் கிடையாது. நம் ஊரில் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரைக் கேபின் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இசுசூ ஆரம்பத்தில் ஸ்பேஸ் கேப் என்று கொண்டுவந்தது, இப்போது பழைய வண்டிச் சந்தையில் எப்போதாவது கண்ணில் படும். ஆக நமக்கு இருப்பது இரண்டே வழி.

சிங்கிள் கேபின் என்றால் பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி வண்டிகள். டிரைவரோடு இரண்டு பேர், சில மாடலில் மூன்று பேர். பாரம் மாடலைப் பொறுத்து 1.2 டன்னிலிருந்து 2 டன் வரை. டபுள் கேபின் என்றால் பொலேரோ கேம்பர், யோதா க்ரூ கேப், இசுசூ எஸ்-கேப். ஐந்து பேர் உட்காரலாம், பாரம் ஏறக்குறைய ஒரு டன். இசுசூ வி-கிராஸும் 2022-ல் இங்கே வந்த டொயோட்டா ஹைலக்ஸும் இதே உருவம்தான், ஆனால் அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளை போர்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளை போர்டில் வாடகை லோடு அடிக்க முடியாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சரி, எதை எடுப்பது? அக்கா மகனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "முப்பது நாளைக்கு எழுது" என்றேன். இப்போது அவன் மற்றவர்கள் வண்டியை வாடகைக்குப் பிடித்துத்தான் லோடு அனுப்புகிறான். ஒவ்வொரு நடைக்கும் நான்கு விஷயம் எழுத வேண்டும். எத்தனை ஆள் வண்டியில் வந்தார்கள், என்ன சாமான், அதில் ஆக நீளமானது எத்தனை அடி, மொத்தம் எத்தனை கிலோ. "மாமா, இதெல்லாம் எனக்கு மனசிலேயே இருக்கு" என்றான். மனசில் இருப்பது போன வாரம் நடந்த ஒரு பெரிய நடைதான். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன நாள் நினைவில் நிற்கும், பழம் ஏற்றிய இருபது நாள் நிற்காது. டபுள் கேபினை நான் வாங்கியதும் அப்படித்தான். வீட்டில் ஐந்து பேர், ஒரே வண்டியில் தேனிக்கும் போகலாம், லோடும் அடிக்கலாம் என்று நினைத்தேன். வாங்கிய பிறகு ஒரு வருஷத்தில் பின் சீட்டில் வீட்டு ஆட்கள் உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொட்டி போதவில்லை என்று இரண்டாம் நடை அடித்த நாட்களுக்குக் கணக்கே இல்லை.

அடுத்த வேலை, உங்கள் சாமானை வைத்து அளப்பது. அடிக்கணக்கு, மில்லிமீட்டர் கணக்கு எல்லாம் காகிதத்தில் ஒன்றும் புரியாது. வீட்டுக் களத்தில் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டோம். ஒன்று டபுள் கேபின் தொட்டி: நீளம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஐந்தடி. இன்னொன்று நீளத் தொட்டி உள்ள சிங்கிள் கேபின்: நீளம் ஒன்பதடி, அகலம் ஐந்தரை. பழம் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம். காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தோம். பெரிய கட்டத்தில் ஓர் அடுக்குக்குப் பதினாறு பெட்டி நின்றது. சின்னதில் முதலில் ஆறுதான் வந்தது. ஒரு வரிசையை நீளவாக்கில் வைத்து, மற்ற இரண்டு வரிசையைக் குறுக்கே திருப்பிப் போட்ட பிறகு ஏழு நின்றது. அதிலும் சக்கரக் கூடு தொட்டிக்குள் புடைத்திருக்கும் வண்டியாக இருந்தால் அடி அடுக்கில் ஒன்றிரண்டு குறையும், இதை ஷோரூமில் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு அடுக்கு வைத்தால் ஒன்றில் 64 பெட்டி, இன்னொன்றில் 28. எங்கள் பெட்டி பழத்தோடு 22 கிலோ நிற்கும். 64 பெட்டி 1,408 கிலோ, 1.7 டன் வண்டிக்கு நிம்மதியான பாரம். 28 பெட்டி 616 கிலோ.

616 கிலோதானே, ஒரு டன் வண்டிதானே, இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் சாமானும் வரவேண்டும், உட்கார்ந்திருக்கும் ஆட்களும் வரவேண்டும். ஐந்து பேர் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ என்றாலே 325 கிலோ போய்விட்டது. மிச்சம் 675. அதாவது டபுள் கேபினில் ஆளையும் நிரப்பி, தொட்டியையும் நிரப்பினால் வண்டி அதோடு நிறைந்துவிட்டது. அதற்கு மேல் வைப்பது ஓவர்லோடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு.

அபராதத்தை விட எனக்கு மலைதான் பெரிய பயம். டபுள் கேபின் வைத்திருந்த காலத்தில் ஒருநாள் பெட்டி மிஞ்சிவிட்டது. பின்கதவைத் திறந்து படுக்கப் போட்டு, அதன் மேலே இன்னொரு வரிசை வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். லோயர் கேம்ப் தாண்டி ஏற ஆரம்பித்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் கைக்கு எந்தக் கனமும் தெரியவில்லை, காலி டப்பாவைத் திருப்புகிற மாதிரி சுற்றியது. வண்டி தாமதமாகத் திரும்பி, வலது பக்கத் தடுப்புச் சுவரை ஒட்டிப் போய் நின்றது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. டபுள் கேபினில் தொட்டி பின்னால் தள்ளியிருக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடக் கூட, தராசுத் தட்டு மாதிரி முன் சக்கரம் லேசாகிவிடும். ஏற்றத்தில் அது இன்னும் கூடும். சிங்கிள் கேபினில் பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சுக்கு முன்னாலேயே அமரும், அதனால் மலையில் பிடி இருக்கும். நீளத் தொட்டி வாங்கினாலும் கனமானதை முன்பக்கம், கேபினை ஒட்டி அடுக்குங்கள். பின்கதவைத் திறந்து வைத்து லோடு ஏற்ற வேண்டிய நிலை மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் வந்தால், நீங்கள் தப்பான கேபினை வாங்கியிருக்கிறீர்கள்.

அதே சமயம், சிங்கிள் கேபின்தான் எல்லோருக்கும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆள் விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம்தான்: தொட்டியில் ஆள் ஏற்றக்கூடாது. எங்கள் பக்கம் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கே ஏலக்காட்டு வேலைக்குப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ரோட்டில் நிற்பார்கள். ஜீப் வராத நாளில் ஏதாவது பிக்கப்பை நிறுத்தி, "அண்ணே, மேட்டு வரைக்கும் விட்டுருங்கண்ணே" என்பார்கள். கூலி போய்விடுமே என்ற அவர்கள் தவிப்பு நமக்கும் தெரியும், மறுப்பது கஷ்டம்தான். ஆனால் தொட்டியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு விபத்து நடந்தால், சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூட வந்தால் மட்டும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது, அவரும் கேபினில், ஆர்சியில் எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கைக்குள்தான் உட்கார வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால் அவள் பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் பணம் வரும் என்று நம்ப முடியாது. இதை நினைத்தால் தொட்டிக் கதவைத் திறக்கக் கை வராது.

ஆகவே உங்கள் நோட்டில் மாதம் பத்து, பன்னிரண்டு நடைக்கு மேல் மூன்று, நான்கு பேர் கூட வருகிறார்கள் என்றால், யோசிக்காமல் டபுள் கேபின் எடுங்கள். போர்வெல் மோட்டார் வேலை, சோலார் வேலை, பந்தல் கம்பி கட்டுகிற வேலை செய்பவர்கள், மேலே தோட்டத்துக்கு மருந்து அடிக்க ஆளோடும் டிரம்மோடும் போகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் கேம்பர் மாதிரி வண்டிதான் சரி. சாமான் குறைவு, ஆள் முக்கியம். ஒரே எச்சரிக்கை, இருபதடிக் குழாயும் கல்தூணும் அதில் வராது.

என்னை மாதிரி பழமும் காயும் ஏற்றுகிறவர், ஆள் மாதம் மூன்று நாலு தடவைதான் வருகிறார்கள் என்றால், சிங்கிள் கேபின் எடுத்துக்கொண்டு ஆட்களுக்கு ஆட்டோவோ ஜீப்போ வைத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டாம் நடை டீசலை மிச்சம் பிடித்தாலே அந்த வாடகை வந்துவிடுகிறது.

டபுள் கேபின் என்று முடிவு செய்தால் பின் சீட்டில் நீங்களே ஏறி உட்காருங்கள். விற்பனை செய்பவர் முன் சீட்டைத்தான் காட்டுவார். உங்கள் உயரத்துக்கு முன் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அதன் பின்னாலேயே உட்கார்ந்து முட்டி இடிக்கிறதா என்று பாருங்கள். சாய்மானம் சுவர் மாதிரி நிமிர்ந்திருக்கும் சில வண்டிகளில், அரைமணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் கேம்பரில் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி போய்விட்டு வந்த அன்று, ஆண்டிபட்டியிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார். தொட்டி காலியாக இருந்தால் பட்டை ஸ்பிரிங் தூக்கிப் போடும், அதைப் பின் சீட்டுதான் வாங்கும். டெஸ்ட் டிரைவ் போகும்போது காலி வண்டியில் வேகத்தடை இருக்கும் ரோட்டில் ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

லைசென்ஸ் பற்றி அக்கா மகன் கேட்டான். இந்த வண்டிகள் எல்லாம் 7,500 கிலோவுக்குள் வருகிறவை. கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்தக் கேபின் என்றாலும் அதில் மாற்றம் இல்லை. மஞ்சள் போர்டுக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி என்ற தகுதிச் சான்று, அப்புறம் வருஷா வருஷம். இதுவும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. சிங்கிள் கேபினின் பின்சுவரை அறுத்து, பட்டறையில் தகரம் வைத்து ஒட்டி, பெஞ்ச் போட்டு டபுள் கேபின் ஆக்கிய வண்டிகள் விலை குறைவாக வரும். தொடவே தொடாதீர்கள். கூரைக்குத் தாங்கு இல்லை, பெல்ட் பூட்ட இடம் இல்லை, ஆர்சியில் இரண்டு சீட்டு என்றுதான் இருக்கும். பின் கதவைத் திறந்து கீல் பக்கம் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், பின் சீட்டுக்கு அடியில் பாயைத் தூக்கித் தரையில் ஒட்டுப் போட்ட கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆர்சியை வாங்கி இருக்கை எண்ணிக்கையையும், பாடி வகையையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள்.

அக்கா மகனின் நோட்டில் நேற்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. பதினேழு நாள் பெட்டி லோடு, மூன்று நாள் தேங்காய், இரண்டே நாள்தான் மூன்று பேருக்கு மேல். இன்னும் எட்டு நாள் பாக்கி இருக்கிறது, அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.