டிராப்ட் ராத்திரிக்கு ஒரு கார்ட்டன் போதும்

ஆகஸ்ட் வந்தா எங்க மலேசியா சுங்கை சிப்புட் பசங்களுக்கு ரெண்டே வேலைதான், ஒண்ணு கோயில் திருவிழா, இன்னொண்ணு பிரிமியர் லீக் பேன்டசி டிராப்ட், அதாவது இங்கிலாந்து புட்பால் ஆட்டக்காரங்கள போன்ல மாத்தி மாத்தி எடுத்து டீம் போட்டு, அவங்க நெஜமா ஆடறத வெச்சு பாயிண்ட் வாங்கற விளையாட்டு. ரெண்டையும் ஒரே வாரத்துல வெச்சிடாதீங்க லா, விரதம் இருக்கறவன் பீர் டின்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான், குடிக்கறவனுக்கும் உள்ள இறங்காது. கோயில்ல தேதி கேட்டுட்டு அப்புறமா நாள் குறிங்க.

இப்ப கணக்கு. டிராப்ட்ல 100 மில்லியன் பட்ஜெட்டும் கிடையாது, கேப்டனும் கிடையாது, ஒருத்தன் எடுத்த ஆட்டக்காரன இன்னொருத்தன் தொட முடியாது, அவ்ளோதான். ஆளுக்கு ரெண்டு கோல்கீப்பர், அஞ்சு டிபெண்டர், அஞ்சு மிட்பீல்டர், மூணு பார்வர்ட், மொத்தம் 15. எட்டு பேரு சேந்தா 120 தடவ எடுக்கணும், ஒருத்தன் ஒரு நிமிஷம் யோசிச்சாலே ரெண்டு மணி நேரம் ஓடிடும். 320 மில்லி டின் ஒரு கார்ட்டனுக்கு 24, எட்டு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு மூணு. அப்போ அஞ்சு ரவுண்டுக்கு ஒரு டின். இதான் எங்க சட்டம், ரெண்டாவது கார்ட்டன் தூக்கிட்டு வர்றவன வாசல்லயே நிப்பாட்டிடுவோம்.

ஏன் இவ்ளோ கறார்னா மொத அஞ்சு ரவுண்டுலதான் சீசனே இருக்கு. எட்டு பேருக்கு 24 பார்வர்ட் வேணும், ஆனா இருக்கறதே 20 கிளப், அதுல பாதிக்கு மேல ஒத்த ஸ்டிரைக்கர் வெச்சுதான் ஆடறான், அதனால தெளிவா இருக்கும்போதே ஒரு நல்ல பார்வர்ட பிடிச்சு போட்டுருங்க. ஹாலண்ட் 2022-23ல 36 கோல் அடிச்சதுலருந்து மொத நம்பர் வந்தவன் யோசிக்கறதே இல்ல. கடைசி நம்பர் வந்துச்சுன்னு மூஞ்சிய தூக்காதீங்க, வரிசை பாம்பு மாதிரி வளைஞ்சு வரும், எட்டாவது ஆளுக்கு 8, 9 ரெண்டும் அடுத்தடுத்து கிடைக்கும். கீப்பர் அப்புறம் பாத்துக்கலாம்னு ரொம்பவும் விட்றாதீங்க, 16 பேரு போயிட்டா மிச்சம் நாலு கிளப் கீப்பர்தான். போன வருஷம் எங்காளு ஒருத்தன் மூணாவது டின்ன மூணாவது ரவுண்டுலயே முடிச்சுட்டு, கால் உடைஞ்சு கிடந்தவன எடுத்துட்டான், அந்த பேர சொல்லித்தான் இன்னிக்கும் அவன கூப்பிடறோம்.

லீக் நடத்தற ஆளுக்கு எங்ககிட்ட பேரு கங்காணி, தோட்டத்துல ஆளுங்கள மேய்க்கறவரு பேரு அது. அவன் பீர் குடிக்கக் கூடாது, 100 பிளஸ் சோடாதான். எட்டு மணிக்கு பெரட்டு, அதான் ஆள் கணக்கு, எடுப்பான், எல்லாரு போன்லயும் சார்ஜ் இருக்கா, லைன் இருக்கா, யாரயெல்லாம் எடுக்கலாம்னு வாட்ச்லிஸ்ட் போட்டாச்சான்னு பாப்பான். டைம் முடிஞ்சா சிஸ்டமே எடுத்துரும், ஒண்ணுக்கு போயிருந்தேன்னு அழுதா அவன் கேக்க மாட்டான்.

தொட்டுக்க ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே, அதான் கடலை முறுக்கு வகையறா, போதும். மட்டன் பிரட்டல் வெச்சா கரண்டியும் வைங்க, பிரட்டல் கையோட போன தொட்டா வேற ஆள அமுக்கிடுவீங்க, நான் அமுக்கிருக்கேன். மலாய் கூட்டாளி லீக்ல இருந்தா பீரையே விட்டுட்டு மாமாக் கடைக்கு போயிருங்க, தே தாரேக் டீயோட நடந்த டிராப்ட்தான் எங்களுக்கு சண்டையே இல்லாம முடிஞ்சுச்சு. வீட்டுல வெச்சீங்கன்னா அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. தாத்தா காலத்து தோட்டத்து கள்ளுக்கடைய பாத்தவங்க அவங்க, கார்ட்டன பாத்தா மூஞ்சி மாறும், அவங்க மேல தப்பில்ல.

21 வயசு ஆகாத தம்பிங்கள கடைக்கு அனுப்பாதீங்க, 2017 டிசம்பர்லருந்து அதான் சட்டம். அப்புறம் மோட்டார் சாவி எல்லாம் கங்காணி கையில. 2020ல சட்டத்த இறுக்குனப்புறம் ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் தாண்டுனாலே 10,000 ரிங்கிட்லருந்து 30,000 வரைக்கும் பைன், ஜெயிலும் உண்டு. நம்ம ஊர்ல ராத்திரி பதினோரு மணிக்கு கிராப் வாடகை கார் தேடறதுக்கு பாய் விரிச்சு அங்கயே படுத்துரலாம்.

தோத்தவன் காசு குடுக்கணும்னு பந்தயம் கட்டாதீங்க, சூதாட்டம்னு போகும், கூட்டாளித்தனமும் கெடும். எங்களுக்கு கடைசி எடம் வந்தவன் அடுத்த வருஷம் ஐஸ் பாக்ஸ் கழுவணும். இன்னொண்ணு, யாரும் எடுக்காத ஆள கேட்டு மாத்திக்கற வெய்வர், அந்த வார டீம் டெட்லைனுக்கு 24 மணி நேரம் முன்னாடியே மூடிரும், வெள்ளிக்கிழம மேட்ச் இருந்தா நம்ம நேரத்துக்கு அது வெள்ளி விடிகாலை ஒண்ணரைக்கோ ரெண்டரைக்கோ வரும், அதனால வியாழக்கிழம தூங்கறதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிருங்க.