சிறு சாகசங்களும் மன நலமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழக்கமில்லாத தெரு வழியாக வீடு திரும்புவது, விடியும் முன் எழுந்து வெளிச்சம் பரவுவதைப் பார்ப்பது, எங்கே போய் நிற்கும் என்று தெரியாத பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவது, பல ஆண்டுகளாக வாசலைக் கடந்து சென்றும் உள்ளே நுழையாத நூலகத்துக்குள் ஒருநாள் நுழைந்துவிடுவது போன்றவற்றைத்தான் இங்கே சிறு சாகசம் என்கிறேன். அதிகப் பணமோ நீண்ட விடுமுறையோ தேவைப்படாமல் ஒரு மணி நேரத்திலோ அரை நாளிலோ முடிந்துவிடுகிற இந்தச் செயல்களில், அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டியே முழுதாகத் தெரியாது என்ற ஒரு சுவை இருக்கிறது. ஒரே தடத்தில் ஓடித் தேய்ந்த மனத்துக்கு அது நல்லது செய்வதை நான் என் வாழ்வில் கண்டிருக்கிறேன். நியூயார்க், மயாமி ஆகிய நகரங்களில் வசித்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் நடமாட்டத்தைச் சில மாதங்கள் கைப்பேசி வழியாகக் கவனித்து 2020-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒருவர் வெவ்வேறு இடங்களுக்குச் சென்று வந்த நாட்களில் அவருடைய மனநிலையும் மற்ற நாட்களைவிட மலர்ச்சியாக இருந்ததாகக் கூறுகிறது. மனம் மலர்ந்ததால் வெளியே சென்றார்களா, வெளியே சென்றதால் மலர்ந்ததா என்பதை இத்தகைய ஆய்வு ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது என்றாலும், இரண்டும் கைகோத்து நடக்கின்றன என்பது தெளிவு.

ஆனால் இதே எளிய செயலைத் தவறாகக் கையாண்டால், ஏற்கெனவே களைத்திருக்கும் மனத்தின் மேல் அது இன்னொரு சுமையாக ஏறி அமர்ந்துவிடுகிறது. அப்படி ஏறிய சுமையால் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதே இதை எழுதக் காரணம்.

மனம் சரியாகட்டும் என்று காத்திருப்பது

தவறுகளிலேயே மிகப் பரவலானதும் அதிகக் கேடு செய்வதும் இதுதான். "இப்போது எதிலும் நாட்டமில்லை, கொஞ்சம் தெளிந்ததும் போகலாம்" என்பது கேட்பதற்கு மிகவும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மனச்சோர்வு ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பதே அந்த நாட்டத்தைத்தான். நாட்டம் வந்த பிறகு எழுவேன் என்று படுத்திருப்பவர், நோய் எதைக் கொடுக்க மறுக்கிறதோ அதையே எதிர்பார்த்துப் படுத்திருக்கிறார். நாள்கள் நகர நகரச் செயல்கள் குறைகின்றன, செயல்கள் குறையக் குறைய மனத்துக்கு இதம் தரும் தருணங்களும் அற்றுப்போகின்றன, அவை அற்றுப்போனதால் சோர்வு இன்னும் கெட்டிப்படுகிறது. உளவியலாளர் பீட்டர் லூயின்சோன் 1970-களில் விளக்கிய சுழல் ஏறத்தாழ இதுதான்.

இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுப்பது என்ற கேள்விக்கு, நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமான விடையைத் தந்தது. மனச்சோர்வுக்கான அறிதல்சார் சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் செயல்களையும் மாற்றிச் சோர்வைக் குறைக்கும் பேச்சுவழிச் சிகிச்சையை, அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பிட்டபோது, எண்ணங்களை மாற்றும் பயிற்சிகள் ஏதுமில்லாமல், அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டு மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். அதாவது, எண்ணம் மாறும்வரை காத்திராமல் செயலிலிருந்தே தொடங்கலாம். மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ள வழியுண்டு.

அதற்காக, பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறுங்கள் என்று சொல்ல வரவில்லை. செய்ய வேண்டியதன் அளவை, மறுக்க முடியாத சிறுமைக்குக் குறைத்துவிடுவதே இதன் நுட்பம். நெருங்கிய ஒருவரை இழந்த பின் வந்த மாதங்களில், நான் எனக்கு வகுத்துக்கொண்டது, செருப்பை மாட்டிக்கொண்டு தெரு முனை வரை போய் வேறு பக்கமாகத் திரும்பி வர வேண்டும் என்பது மட்டுமே. அதுவும் "முடிந்தபோது" என்றிராமல், மாலை ஐந்தரை மணி என்று நேரம் குறித்துவைத்திருந்தேன், ஏனெனில் நேரம் குறிக்காத எண்ணத்தைச் சோர்வு மிக எளிதாக அடுத்த நாளுக்குத் தள்ளிவிடும். முதல் சில நாட்களில் எதுவுமே தோன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியே போய்த் திரும்பியவுடன் "மகிழ்ச்சி வந்ததா" என்று மனத்தைச் சோதித்து, வரவில்லை என்றதும் கைவிட்டுவிடுவது, இந்தத் தவறுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு தவறு. அதற்குப் பதிலாக, கிளம்பும் முன் "இது எவ்வளவு இதமாக இருக்கும்" என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணையும், திரும்பிய பின் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று ஓர் எண்ணையும் குறித்துவைத்தால், முன்கூட்டி நினைத்த எண் பெரும்பாலும் குறைவாகவே இருந்ததை இரண்டு வாரத்தில் உங்கள் கையெழுத்திலேயே காண வாய்ப்பிருக்கிறது. சோர்ந்த மனத்தின் முன்கணிப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை வேறொருவர் எடுத்துச் சொல்வதைவிட அந்தக் குறிப்பு நன்றாக உணர்த்தும்.

தப்பி ஓடுவதைச் சாகசம் என்று எண்ணுவது

திறக்கப்படாத கடிதம், தள்ளிப்போட்ட பரிசோதனை, பேசியே ஆக வேண்டிய ஒரு பேச்சு என்று ஏதோ ஒன்று மேசையில் காத்திருக்கும்போது, வெளியே கிளம்புவது மிக இனிமையாகத் தெரியும். அஞ்சுவதைத் தவிர்த்தவுடன் உடனடியாக ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதல்தான் அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லித் தூண்டுகிறது. மனப்பதற்றம் நீடித்து நிலைப்பதே பெரும்பாலும் இப்படித்தான். வெளியே செல்வது ஓய்வா, ஓட்டமா என்பதைப் பிரித்தறிய நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது: திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, செய்ய வேண்டிய அந்த வேலை கைக்கெட்டும் தொலைவில் தெரிகிறதா, முன்னைவிட விலகிப் போயிருக்கிறதா? விலகிக்கொண்டே போகிறது என்றால், அடுத்த நடைக்கு முன் அந்தக் கடிதத்தைப் பிரித்து ஒரு முறை படித்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. பதில் எழுதுவதை நடந்து வந்த பின் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிராக, கால் எங்கெங்கோ நடக்க, மனம் மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பழைய வார்த்தைகளை அசைபோட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. "ஏன் அப்படிச் சொன்னேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற இந்த ஓயாத அசைபோடுதல் சோர்வை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்செமா தம் ஆய்வுகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து காட்டினார். அதை வலுக்கட்டாயமாக நிறுத்த முயல்வதும் பலன் தராது. வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்று டேனியல் வெக்னர் 1987-ல் ஒரு சோதனையில் மாணவர்களிடம் சொன்னபோது, அவர்களால் அதை முற்றிலும் ஒதுக்க முடியவில்லை; பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோதோ, தொடக்கத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக அவர்கள் அதை நினைத்தார்கள். ஆகவே நடக்கும்போது எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வேலை கொடுப்பது பயன்படும். இந்தத் தெருவில் எத்தனை வகைக் கதவுகள் இருக்கின்றன, எந்தப் பறவையின் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கிய மனம், அசைபோடுவதைத் தானே சற்று நேரம் மறக்கும். புதிய வழி பழைய வழியைவிட உதவுவதும் இதனால்தான்: பழகிய பாதையில் கால்களுக்குக் கவனம் தேவையில்லை, தெரியாத பாதை கவனத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

அப்படியும் அகலாத எண்ணங்களுக்கு எழுத்து ஒரு வடிகாலாகலாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை ஆழமாகப் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களுக்குத் துயரம் கூடவே செய்தது என்பதை மறந்துவிட்டு இம்முறையைப் பரிந்துரைப்பவர்கள் பலர். நடந்த நிகழ்வையும் அப்போது பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது என்பதே அந்த ஆய்வு கண்ட பலன். எழுதியவுடன் துயரம் கூடக்கூடும் என்பதால், உறங்கப் போகும் நேரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். எழுதுவது தாங்க முடியாததாகத் தோன்றினால் அன்றே நிறுத்திவிடலாம்.

கணக்கும் காட்சியும்

சிறு சாகசம் என்று தொடங்கியதை, வாரத்துக்கு இத்தனை என்று இலக்கு வைத்து, ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுகிறவர்கள் நல்ல மனத்தோடு தொடங்கியவர்களே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள் வரை பிடிக்கும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கை நம்பி, 22-ஆம் நாள் தன்னைத்தானே நொந்துகொள்ளத் தேவையில்லை.

படமெடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். அருங்காட்சியகம் ஒன்றில் லிண்டா ஹென்கல் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், பொருட்களை வெறுமனே பார்த்தவர்களைவிட, அவற்றை முழுமையாகப் படமெடுத்தவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு படம் எடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

உடலையும் பாதுகாப்பையும் மறப்பது

விடியற்காலை நடைக்காக இரவுத் தூக்கத்தைக் குறைப்பது கொடுத்ததைவிட அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை, முன்னதாக எழ வேண்டுமானால் முன்னதாகப் படுக்க வேண்டும். தனியே செல்லும்போது எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பெரும்பாலும் யாரும் பேசாத இன்னொன்றும் உண்டு. தூக்கமே தேவையில்லை என்பதுபோல் திடீரென்று ஊக்கம் பொங்கி, நாளுக்கொரு புதுப் பயணமும் கைமீறிய செலவும் துணிச்சலுமாக ஒருவர் பல நாட்கள் இருந்தால், அதை மனநலம் மேம்பட்டதன் அறிகுறியாக எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. மனநிலை அளவுகடந்த எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் இருமுனையப் பிறழ்வு என்னும் நோயில் எழுச்சிக் கட்டம் இவ்வாறும் வெளிப்படலாம் என்பதால், மனநல மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்வது

நல்ல நடையும் புதிய காட்சியும் ஒரு சோர்ந்த நாளைத் தூக்கி நிறுத்தலாம். நோயாகிவிட்ட சோர்வை அவை மட்டுமே குணப்படுத்தும் என்று நம்புவது பல மாதங்களை வீணாக்கும். நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் தாழ்ந்தோ எதிலும் ஆர்வமற்றோ இருந்து, கூடவே தூக்கமும் பசியும் மாறி, கவனம் சிதறி, தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம் வேரூன்றினால், அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். இடையே ஒரு பயணம் போய் வந்து மனம் லேசானதும், இனித் தேவையில்லை என்று மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடுவது, திடீர் நிறுத்தத்தால் வரும் தலைசுற்றல், எரிச்சல் போன்ற தொல்லைகளையும், நோய் திரும்பி வரும் அபாயத்தையும் சேர்த்தே கொண்டுவரும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டுகிற நாளில், தனியே நடக்கவோ தொலைவாகப் போகவோ வேண்டாம். அருகிலிருக்கும் ஒருவரிடம் அந்த எண்ணத்தை அப்படியே வாய்விட்டுச் சொல்லி, அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவ உதவியையோ நாடுங்கள். அப்படிச் சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பிறரைத் துரத்துவது

கடைசியாக, அன்புள்ளவர்கள் செய்யும் தவறு. சுருண்டு படுத்திருப்பவரிடம் "வெளியே போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும்போது, அவர் காதில் "இவ்வளவு எளிதானதைக்கூடச் செய்யாதது உன் குற்றம்" என்றே அது விழுகிறது. போய்வந்தும் சரியாகவில்லை என்றால், தோல்வியின் பட்டியலில் இன்னொன்று கூடுகிறது. அறிவுரையைவிட அழைப்பு மேலானது; அழைப்பிலும், நாளும் நேரமும் குறித்து, மறுப்பதற்கு இடம் வைத்த அழைப்பு மேலானது. "நாளை மாலை ஐந்தரைக்கு நான் நடக்கப் போகிறேன், உன் வாசலில் பத்து நிமிடம் நிற்பேன், வந்தால் சேர்ந்து போவோம், வழியில் எதுவும் பேச வேண்டியதில்லை" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். முதல் இரண்டு முறை நான் போகவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மூன்றாம் முறையும் அதே நேரத்துக்கு வந்து நின்றார்.