அருகிவரும் மாஸையும் ஸ்லாத்தையும் ஒப்பிடுவது எப்படி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாஸ் (moss) என்பது பூக்காத சிறு பச்சைத் தாவரம். ஸ்லாத் (sloth) என்பது மரத்தில் மெதுவாக நகரும் அமெரிக்கப் பாலூட்டி; தேவாங்கு அல்ல. அதன் ரோமத்தில் படரும் பச்சை ஆல்கா, மாஸ் அல்ல.

பனாமாவின் எஸ்குடோ டி வெராகுவாஸ் தீவில் மட்டும் வாழும் குள்ள மூவிரல் ஸ்லாத்தையும், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் மட்டும் வளரும் தாம்னோபிரையம் அங்குஸ்டிஃபோலியம் மாஸையும் எடுத்துக்கொள்வோம்.

எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்லாத்தில் இனப்பெருக்க வயதை எட்டியவற்றை மட்டும் எண்ணுங்கள். இலைகளுக்குள் அசையாமல் கிடப்பதால் கண்ணில் பட்டது குறைந்தபட்சக் கணக்கே. மாஸில் தண்டுகளை எண்ணாதீர்கள். ஒரே செடி பிரிந்து மெத்தையாகப் பரவியிருக்கலாம். தரையில் வளர்வதற்கு 1 சதுர மீட்டரையும், மரத்தில் வளர்வதற்கு ஒரு மரத்தையும் ஒரு தனியுயிராகக் கொள்வது வழக்கம். 50க்குக் குறைந்தால், இரண்டுக்கும், உயிரினங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் IUCN சிவப்புப் பட்டியலின் ‘மிக அருகிய’ நிலைதான்.

அடுத்து பரப்பு. பட்டியல் 2×2 கிலோமீட்டர் கட்டங்களால் அளக்கிறது. சில சதுர மீட்டர் மாஸ்கூட 4 சதுர கிலோமீட்டர் ஆகிவிடும். ஸ்லாத்தின் தீவு முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவுதான்! எனவே உண்மைப் பரப்பைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

அச்சுறுத்தலுக்கு மாஸில் ஓடை நீரின் அளவையும் தரத்தையும், ஸ்லாத்தில் சதுப்புநிலக் காடு வெட்டப்படுவதையும் பாருங்கள்.