வயதான சிங்கிள் மால்ட்: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

பாரில் பழைய சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) வாங்கிச் சுவைக்கும்போது பலர் கோட்டை விடுவது இரண்டே இடங்களில்: மூக்கு, தண்ணீர்.

முதலில் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லேபிளில் 25 என்றிருந்தால், உள்ளே சேர்த்திருப்பதில் மிக இளைய விஸ்கியே 25 ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்திருக்கிறது என்று பொருள். பாட்டிலில் அடைத்தபின் வயது ஏறாது. திறந்து பல மாதமாகி, அடியில் கொஞ்சமே மிஞ்சியிருந்தால் வேறு பாட்டில் கேளுங்கள். காற்றுப் பட்டு வாசனை மங்கியிருக்கும். ஆல்கஹால் சதவீதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 மி.லி. போதும். டம்ளர் வேண்டாம், அடி அகன்று வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ்தான் சரி. இல்லாவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ். ஐஸ் வேண்டவே வேண்டாம், குளிர்ந்த விஸ்கியில் வாசனை எழாது. குளிரூட்டாத தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் தனியாக வாங்கிவைத்துக்கொண்டு, ஊற்றிய கிளாஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

இப்போது மூக்கு. ஒயினைப்போலச் சுழற்றி, மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் காரியம் கெட்டது. இதில் ஆல்கஹால் குறைந்தது 40%. அந்த ஆவி மொத்தமாக ஏறினால் மூக்கு மரத்துப்போய், கொஞ்ச நேரத்துக்கு எதுவும் பிடிபடாது. கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து, மெதுவாக மூச்சிழுங்கள். பிறகு சிறிது சிறிதாக மேலே கொண்டுவாருங்கள். எரிச்சல் தொடங்கும் உயரத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்துங்கள். முன்பு போர்பன் (அமெரிக்க விஸ்கி) வைத்திருந்த பீப்பாயில் இருந்ததென்றால் வெனிலா, தேங்காய். ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) பீப்பாய் என்றால் உலர்திராட்சை, கிராம்பு. நிறத்தை நம்பாதீர்கள், ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

முதல் வாய் அரை டீஸ்பூன் அளவு இருக்கட்டும். அது நாக்கைப் பழக்க மட்டுமே. இரண்டாவதைப் பத்து வினாடி நாக்கில் உருட்டி விழுங்கி, வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். பழைய மால்ட்டின் அருமை தெரிவது அந்த மூச்சில்தான்.

தண்ணீரில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுகள் போகப் போகப் பீப்பாயில் ஆல்கஹால் சதவீதம் இறங்கும், ஓக்கின் துவர்ப்பு ஏறும். 43 சதவீதத்துக்கு வந்துவிட்ட மால்ட்டில் ஒரு டீஸ்பூன் ஊற்றினால் பழச்சுவை கரைந்து மரத்துவர்ப்பு மட்டும் மிஞ்சும். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கி, இரண்டே சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து முகருங்கள். இன்னும் வாசனை விரிந்தால் அடுத்த சொட்டு. இல்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

குடித்து முடித்ததும் கிளாஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் காயவிட்டு முகர்ந்தால் மரமும் புகையும் தனியாகத் தெரியும்.

பின்சேர்க்கை: பீப்பாயிலிருந்து நீர் கலக்காமல் அடைத்த 60% மால்ட்டுக்கு இரண்டு சொட்டு போதவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். 25 மி.லி.யை 46 சதவீதத்துக்கு இறக்கச் சுமார் 7.5 மி.லி., அதாவது ஒன்றரை டீஸ்பூன் தேவை. அதையும் அரை அரை டீஸ்பூனாகச் சேருங்கள். தண்ணீர் பட்டதும் விஸ்கி கலங்கினால் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத மால்ட்டில் ஆல்கஹால் குறையும்போது கொழுப்பு அமில எஸ்டர்கள் என்ற சேர்மங்கள் பிரிந்து அப்படித் தெரியும். வாயில் வழவழப்பைத் தருவதில் அவற்றுக்கும் பங்குண்டு.